ஐந்தாவது காரணம்

ஏப்ரல் 8

அன்புள்ள உனக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. நீ வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து பள்ளிகளுக்குப் போகும் செவ்வாய்க்கிழமைத் தபால் பையில் இதையும் போட்டுவிடுகிறேன். உறையின் மேல் "அலுவலக எழுத்தருக்கு, தனிப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். உங்கள் தலைமை ஆசிரியை பிரித்துப் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இங்கே தலைக்கு மேல் வேலை. ஜூனில் பள்ளி திறக்கும்போது மாவட்டத்திலுள்ள எல்லாப் பள்ளிகளும் புது மென்பொருளுக்கு மாற வேண்டும். சேர்க்கை, வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் ஒரே இடத்தில். மே மாதம் முழுக்க எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடத்தப்போவது நான்தான். அதற்கு முன் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வகுப்புக்கு வராமல், பெயர் மட்டும் நீக்கப்படாமல் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்தார்கள். அது என் மேசைக்கு வந்தது.

உங்கள் பள்ளியில் ஒன்று நிலுவையில் இருக்கிறது. நான்காம் வகுப்பு. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறப்பதற்குள் அதை முடித்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் மென்பொருள் எல்லாரையும் போல அந்தப் பெயரையும் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றிவிடும். ஆய்வுக்கு வருகிறவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். இல்லாத பிள்ளையைக் கணக்கில் காட்டினால் வேலைக்கே ஆபத்து என்பது உனக்கும் தெரியும்.

உங்கள் பள்ளியில் நடக்கும் பயிற்சிக்கு நான் வரவில்லை. என்னோடு பயிற்சி நடத்தும் கண்ணாடிக்காரரை அனுப்புகிறேன். பொறுமையான மனிதர், நன்றாகச் சொல்லித் தருவார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

நான்

*

ஏப்ரல் 15

பயிற்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் நிலுவைக் கடிதம் கிடைத்தது. அலுவலகப் பையில் புருஷனிடமிருந்து கடிதம் வாங்கும் எழுத்தர் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிலுவை. நல்ல வார்த்தையாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நம் பெண்ணுக்கு "வாலு" என்று செல்லப் பெயர் வைத்ததும் நீங்கள்தான். அந்த வாய்தானா இது என்று இருக்கிறது. காய்ச்சலுக்கு அவளைப் பறிகொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் மாதம் முடிவதற்குள் மாவட்ட அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பெட்டியைக் கட்டினீர்கள். "இந்த வீட்ல என்னால மூச்சு விட முடியல" என்றீர்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் நான் எங்கே போய் மூச்சு விடுவது? அவள் படித்த பள்ளியில்தான் எனக்கு வேலை. அவள் வகுப்பைத் தாண்டித்தான் என் அறை. அந்த வராண்டாவில் நான் தினமும் நடக்கிறேன். நீங்கள் ஒரு நாள் பயிற்சிக்கு வர முடியாமல் கண்ணாடிக்காரரை அனுப்புகிறீர்கள்.

போகட்டும். வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவர் எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாருங்கள். ஒரு பிள்ளையின் பெயரை நீக்கப் போனால் காரணம் கேட்டு ஒரு பெட்டி திறக்கிறது. அதில் நான்கு காரணங்கள் இருக்கின்றன. வேறு பள்ளிக்கு மாறினார். குடும்பம் ஊர் மாறியது. படிப்பை முடித்தார். படிப்பை நிறுத்தினார். நான்கில் ஒன்றை அழுத்தாமல் மேலே போக விடாது. நான் எதை அழுத்தட்டும்?

அவள் படிப்பை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் கூட "கணக்குப் பரிட்சை என்னைக்கும்மா?" என்று கேட்டவள் அவள். அவளைப் போய்ப் படிப்பை நிறுத்தினவள் என்று என் கையால் எழுதுவேனா? நான் திமிருக்காக அந்தப் பெயரை வைத்திருப்பதாக நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு டீச்சர் அவள் பெயருக்கு நேரே தினமும் "விடுப்பு" என்று போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிச் செய்யவில்லை. ஒரு நாள் என் அறைக்கு வந்து, "நான் என்னம்மா போடட்டும்?" என்று கேட்டார். "இப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் இதையே சொல்கிறேன்.

நான் சாப்பிடுகிறேன். சாப்பிடாமல் எங்கே போகிறது.

எழுத்தர்

*

ஏப்ரல் 23

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பழைய மென்பொருளைத் திறந்து பார்த்தேன். நீ சொன்னது சரிதான். நான்கே காரணங்கள். இந்தப் பெட்டியை நான் நூறு தடவையாவது திரையில் திறந்து காட்டியிருப்பேன். ஒரு தடவை கூட எனக்கு உறைக்கவில்லை.

புது மென்பொருளிலும் அதே நான்குதான் இருந்தன. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்க்க வேண்டும் என்றேன். அதிகாரி சிரித்தார். "வருஷத்துக்கு எத்தனை கேஸ் வந்துடப் போகுது? 'இதர'ன்னு ஒண்ணு போட்டுட்டு ஆக வேண்டியதைப் பாருங்க" என்றார். "இதர வேண்டாம் சார்" என்றேன். ஏன் என்று கேட்டார். "வேண்டாம் சார்" என்றேன். மூன்றாவது தடவையும் அதையே சொன்னதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி போடுங்கள் என்றார். எல்லாருக்கும் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே யாருக்கும் நம் விஷயம் தெரியாது. வந்த முதல் நாளே பக்கத்து மேசைக்காரர், "குழந்தைங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இதை உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு வேலை பாக்கி. மென்பொருள் எழுதுகிறவர், அந்த இடத்தில் என்ன வார்த்தை போட வேண்டும் என்று கேட்கிறார். மரணம், இறப்பு, காலமானார் என்று மூன்றை எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தத் தாள் என் மேசையில் அப்படியே கிடக்கிறது. என்னால் எதையும் டிக் செய்ய முடியவில்லை. நீ சொல். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

நான்

*

மே 6

உங்களுக்கு,

உங்கள் கண்ணாடிக்காரர் வந்து போனார். நீங்கள் சொன்னது பொய்யில்லை, பூமாதேவியே தோற்றுப்போகும் பொறுமை. எங்கள் தலைமை ஆசிரியை மவுஸை இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்தித் தேய்த்ததை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், முகம் சுளிக்கவில்லை. விளையாட்டு ஆசிரியர் கடவுச்சொல்லை மறக்காமலிருக்க விசிலின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். இனி அவர் ஊதும்போதெல்லாம் முதல் வரிசைப் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரித்துவிட்டு, இதை வீட்டில் போய்ச் சொல்ல யாருமில்லை என்று நினைத்தேன். வாலு இருந்திருந்தால் விசிலை ஊதிக் காட்டியே வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

பிள்ளை இல்லை என்று சொன்னீர்களாமே. படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கே நீங்கள் "இல்லை" என்று சொன்ன அதே நாட்களில்தான் இங்கே நான் அவளை விடுப்பில் வைத்திருந்தேன். நாம் இரண்டு பேர் சொன்னதும் பொய்தான். ஆனால் உங்கள் பொய்தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. ஒன்பது வருடம் உங்கள் தோளில் ஏறிக்கொண்டு உங்கள் தலைமுடியைப் பிடித்திழுத்தவளைப் பற்றி அந்தப் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு வரி தெரியாது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வார்த்தை கேட்டிருந்தீர்கள். "காலமானார்" வயதானவர்களுக்குச் சொல்வது, பிள்ளைக்குப் பொருந்தவில்லை. "மரணம்", "இறப்பு" இரண்டும் சான்றிதழ் மாதிரி இருக்கின்றன. நான்கு நாள் யோசித்தேன். சோறு வடிக்கும்போதும் அதே யோசனைதான். மற்ற நான்கும் பிள்ளையைப் பற்றித்தானே பேசுகின்றன, மாறினார், முடித்தார் என்று. இதுவும் அப்படியே இருக்கட்டும். "இறந்துவிட்டார்" என்று போடுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

இன்னொன்று. பெயரை நீக்கினால் பெற்றோரின் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகிறதே, "தங்கள் பிள்ளையின் விடுவிப்பு வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது, வாழ்த்துகள்" என்று. ஐந்தாவது காரணத்துக்கு மட்டும் அதை நிறுத்தச் சொல்லுங்கள். எனக்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே. எங்கோ ஒரு தாய் மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அது வந்து விழக் கூடாது.

நான்

*

மே 22

அன்புள்ள உனக்கு,

நீ சொன்ன வார்த்தையையே போட்டாகிவிட்டது. செய்தியையும் நிறுத்தியாகிவிட்டது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். நேற்று நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நேற்று எழுத்தர்களுக்கான பயிற்சி. ஒரு பெரிய பள்ளியின் கூட்ட அறை. ஐம்பது பேர் இருப்பார்கள். மின்விசிறி சத்தத்தில் பின்வரிசைக்கு என் குரல் எட்டவில்லை, பாதிப் பேர் தூக்கத்தில். பெயர் நீக்கும் பெட்டியைத் திரையில் திறந்தேன். "இதுல இப்ப அஞ்சாவதா ஒரு காரணம் சேர்த்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அதை வாசிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர்கள் திரையில் படித்துவிட்டார்கள். தூங்கினவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நடு வரிசையில் நரைத்த தலை அம்மா ஒருவர் கை தூக்கினார். "சார், பழசுக்கும் போடலாமா?"

"எவ்வளவு பழசும்மா?"

"ஆறு வருஷம் சார். ஒரு பையன். நாலாவது படிக்கும்போது தண்ணில போயிட்டான். படிப்பை நிறுத்திட்டான்னு போட எனக்குக் கை வரல. வேற என்னத்தைப் போடறதுன்னும் தெரியல. வருஷா வருஷம் அடுத்த வகுப்புக்கு ஏத்திட்டே வந்துட்டேன்." கையை இறக்கிவிட்டு, "இப்ப பத்தாவதுல இருக்கான் சார்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒருவர், "எங்க பள்ளியில ரெண்டு பேர் சார், அக்காவும் தம்பியும்" என்றார். பிறகு பின்னாலிருந்து ஒரு கை. பிறகு இன்னொன்று. கிணறு வெட்டப் போனவன் நிலைதான் எனக்கு. நீ ஒருத்திதான் இப்படிச் செய்திருக்கிறாய், அழுது அழுது உனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உன்னிடம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். அந்த அம்மாவின் பையன் பெயரும் என் பட்டியலில் இருந்ததுதான். பள்ளிக்கு வராமல் சுற்றும் எவனோ ஒருவன் என்று நினைத்து அவர் பள்ளிக்கும் "நிலுவை" என்றுதான் கடிதம் அனுப்பியிருந்தேன்.

மைக் என் கையில் இருந்தது. "எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றேன். நான் சொல்ல நினைத்தது வேறு, வாயிலிருந்து வந்தது இது. யாரோ எழுந்து போய்த் திரையை அணைத்தார்கள். அந்த அம்மா முன்னால் வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எத்தனாவது சார்?" என்றார். "நாலாவது. பொண்ணு" என்றேன். "பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். ஆறு மாதமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். சொன்னதும் உடைந்துபோய்விட்டேன். ஐம்பது பேர் முன்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு, அழுதேன்.

பயிற்சி அதோடு முடிந்தது. மீதிப் பாடத்தை வேறொரு நாள் நடத்த வேண்டும். இன்று காலை பக்கத்து மேசைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். செய்தி வந்து சேர்ந்துவிட்டது போல. அவரிடம் வாலுவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். தலைமுடியைப் பிடித்திழுப்பாள் என்பதையும் சொன்னேன்.

அந்தப் பதிவை முடித்துவிடு என்று இனி நான் சொல்ல மாட்டேன். உனக்கு எப்போது முடியுமோ அப்போது செய். முடியாவிட்டால் இருக்கட்டும். ஆய்வுக்கு வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான்

*

ஜூன் 14

ஏங்க,

பள்ளி திறந்துவிட்டது. நான் செய்துவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டாம் என்று எழுதின பிறகுதான் என்னால் செய்ய முடிந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. திறந்த முதல் நாள் அவள் பெயர் ஐந்தாம் வகுப்பில் ஏறி நின்றிருந்தது. அந்த அம்மாவின் பையனை நினைத்துக்கொண்டேன். இவளையும் நான் பத்தாவது வரைக்கும் கொண்டுபோவேன், என்னைத் தெரியும் எனக்கு. தலைமை ஆசிரியை, "நான் அழுத்தட்டுமாம்மா? நீ வெளியில இரு" என்றார். வேண்டாம் என்றேன். பெற்ற நான் இருக்கும்போது வேறொருவர் கை எதற்கு.

காலை மணி அடித்ததும் செய்தேன். நாமிரண்டு பேரும் சேர்ந்து வைத்த வார்த்தை அந்தப் பெட்டியில் கடைசியாக இருந்தது. அழுத்தினேன். எந்தச் செய்தியும் போனுக்கு வரவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சேர்க்கை விண்ணப்பத்தோடு நின்றிருந்த ஒருவரைப் பத்து நிமிடம் காக்க வைத்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இத்தோடு முடிந்திருக்கும். மறுநாள் காலை வகுப்பு டீச்சர் ஒரு பிள்ளையை என்னிடம் அனுப்பினார். வாலுவின் பக்கத்தில் உட்காருவாளே, பூனைக்கண்ணி, அவள்தான். உங்கள் புது மென்பொருள் நடுவில் ஒரு பெயர் போனால் அந்த இடத்தைக் காலியாக விடுவதில்லையாம். பின்னால் இருக்கிற எல்லாரையும் ஓர் எண் முன்னால் இழுத்துவிடுகிறது. பயிற்சியில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வருகை எடுக்கும்போது டீச்சர் டேப்லெட்டைப் பார்த்து "பதினாலு" என்று கூப்பிட்டிருக்கிறார். யாரும் குரல் கொடுக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பூனைக்கண்ணி எழுந்து நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. திட்டியும் பார்த்திருக்கிறார். கடைசியில், "போய் ஆபீஸ்ல சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறாள். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"ஆன்ட்டி, என் நம்பரை மாத்திட்டாங்க. நான் பதினஞ்சு."

"இந்த வருஷம் நீ பதினாலும்மா. கம்ப்யூட்டர்ல மாறிடுச்சு."

"அது அவ நம்பர்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அதுக்கு நான் 'உள்ளேன் டீச்சர்'னு சொன்னா, அவ இல்லன்னு ஆயிடும்ல?"

முந்தின நாள்தான் என் கையால் இல்லை என்று ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் நான் என்ன சொல்வது? "சரி, நீ பதினஞ்சாவே இரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டீச்சரிடம் சொல்லி இரண்டு நாளாகப் பதினாலைத் தாண்டிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் டேப்லெட் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது, தினமும் எல்லாப் பிள்ளைக்கும் வருகை மாறி மாறி விழுகிறது.

அந்த எண்ணை அப்படியே காலியாக வைக்க வழி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்றாவது சொல்லுங்கள். நீங்கள் யார் யாருக்கோ சொல்லித் தருகிறீர்கள்.

உங்கள் மனைவி

*

ஜூன் 19

என் செல்லமே,

உன் கடிதம் வந்த அன்றே மென்பொருள் எழுதுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் முடியாது என்றார். பூனைக்கண்ணி கேட்டதை அவரிடம் சொன்னேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணைப் பூட்டி வைக்கலாம். உங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்பில் பதினாலைப் பூட்டிவிட்டேன். நாளைக் காலை டேப்லெட்டில் பதிமூன்றுக்கு அடுத்து பதினைந்துதான் வரும். பூனைக்கண்ணி பதினைந்தாகவே இருக்கட்டும்.

ஆனால் பூட்டு இந்த வருடத்துக்கு மட்டும்தான். இந்த முறை பழைய எண்களையே அப்படியே ஏற்றியிருந்தோம்; அடுத்த ஜூனில் எல்லாரும் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது எண்கள் புதிதாக வரும். அப்போது நடுவில் காலி இடம் இருக்காது. அதற்கு மேல் அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. இதைப் பூனைக்கண்ணியிடம் இப்போதே சொல்ல வேண்டாம். ஒரு வருடத்தில் அவளும் வளர்ந்துவிடுவாள்.

எல்லாவற்றையும் இங்கிருந்தே செய்துவிட்டேன். பூட்டுவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. அதனால் உங்கள் பள்ளிக்கு வர எனக்கு இனி அலுவலகக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் வியாழக்கிழமை வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுதினேன்.

பள்ளிக்கூடம் விடுவதற்குள் வந்துவிடுவேன். நேரே வீட்டுக்குப் போய் உனக்காகக் காத்திருக்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் நீ தினமும் தனியாக நடக்கிற அந்த வராண்டாவில் ஒரு தடவையாவது நான் நடக்க வேண்டும். அவள் வகுப்புக்குள் என்னால் போக முடியுமா என்று தெரியவில்லை. பாதியில் நின்றுவிட்டாலும் நின்றுவிடுவேன். நீ பள்ளிக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நில். அவள் வகுப்பு வாசல் வரைக்கும் என் கூட வா.

உன் கணவன்